பயிற்சிக் கடன் பாக்கி இருக்கும்போதே டிரக் வேலையை விடலாமா?

வணக்கம் அம்மா. அமெரிக்காவில் கம்பெனி செலவில் பயிற்சி எடுத்து, சிடிஎல் என்ற வணிக வாகன ஓட்டுநர் உரிமம் வாங்கி, ஐந்து மாதமாக டிரக் ஓட்டும் உங்கள் மகன் வேலையை விட நினைக்கிறார். ஒரு வருடம் ஓட்டுவதாகவும், இடையில் விட்டால் பயிற்சிச் செலவைக் கட்டுவதாகவும் கையெழுத்துப் போட்டிருப்பதால் கேஸ் போடுவார்களா, லைசென்ஸைப் பிடுங்கிவிடுவார்களா, கிரீன் கார்டுக்கு ஆபத்து வருமா என்று தூக்கமில்லாமல் தவிக்கிறீர்கள்.

கடைசி இரண்டு பயத்தையும் இப்போதே விட்டுவிடுங்கள். சிடிஎல் என்பது மாநில அரசு உங்கள் மகன் பெயரில் கொடுத்த உரிமம். பயிற்சிப் பணம் பாக்கி என்பதற்காக எந்தக் கம்பெனியும் அதை ரத்து செய்ய முடியாது. அந்தப் பாக்கி ஒப்பந்தக் கடன், சிவில் விவகாரம். அதற்காகப் போலீஸ் வராது, நாடு கடத்தவும் மாட்டார்கள். கேஸ் போட மட்டும் அவர்களுக்கு உரிமை உண்டு. பல நேரம் கேஸ் வரை போகாமல், வசூல் ஏஜென்சியிடம் ஒப்படைத்துவிடுவார்கள். அப்படிப் போனால் கிரெடிட் அறிக்கையில் ஏழு வருடம் வரை அந்தக் கறை நிற்கலாம். வீடு வாடகைக்கு எடுக்க, கார் லோன் வாங்க, எல்லாவற்றுக்கும் அது குறுக்கே வரும். ஆகவே சும்மா விட்டுவிட்டு ஓடிவருவது சரியில்லை.

முதலில் ஒப்பந்தத்தை எடுத்து உட்காரச் சொல்லுங்கள். மாதம் ஆக ஆகக் கடன் குறைகிறதா, கடைசி நாள் வரை முழுத் தொகையும் அப்படியே நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். கம்பெனியே வேலையை விட்டு நீக்கினாலும் பணம் கட்ட வேண்டும் என்று எழுதியிருக்கிறதா? வட்டி, வக்கீல் செலவு சேர்த்திருக்கிறார்களா? எந்த மாநிலச் சட்டம் பொருந்தும் என்று போட்டிருக்கிறது? இந்தக் கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். கொலராடோவில் 2022 முதல், வழக்கமான வேலைப் பழக்கத்துக்கு அப்பாற்பட்ட பயிற்சிக்கு மட்டுமே, நியாயமான செலவை மட்டுமே திரும்பக் கேட்கலாம். அதுவும் இரண்டு வருடத்தில் மாதாமாதம் குறைந்துகொண்டே வர வேண்டும். கலிஃபோர்னியாவில் 2026 ஜனவரி 1க்குப் பிறகு போடும் ஒப்பந்தங்களில், வேலையை விட்டால் பணம் கட்டு என்ற நிபந்தனைக்குச் சில விலக்குகள் தவிரத் தடை இருக்கிறது. அதனால் கையெழுத்துப் போட்ட தேதியையும் பார்க்கச் சொல்லுங்கள்.

'தகராறு வந்தால் நீதிமன்றம் கூடாது, நடுவரிடம்தான் போக வேண்டும்' என்ற வரி அனேகமாக இருக்கும். அதைப் பார்த்து ஒடுங்க வேண்டாம். நியூ பிரைம் என்ற டிரக் கம்பெனிக்கும் ஒலிவேரா என்ற டிரைவருக்கும் நடந்த வழக்கில், 2019 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கியது. மாநிலம் தாண்டி ஓட்டும் டிரைவர்களை, ஒப்பந்தக்காரராக இருந்தாலும், கூட்டாட்சி நடுவர் சட்டத்தைக் காட்டி அப்படிக் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் மாநில நடுவர் சட்டத்தைக் காட்டி வாதாடுவதும் உண்டு என்பதால், தொழிலாளர் வக்கீல் ஒருவரிடம் தாளைக் காட்டிக் கேட்பதுதான் பாதுகாப்பு.

கடைசிச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்களோ என்ற கவலையும் உங்களுக்கு இருக்கிறது. இதில் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். ஒட்டுமொத்தமாகப் பிடித்துவிட்டால், மாநிலத் தொழிலாளர் துறையில் கேட்க வேண்டும்.

கடனை விட எனக்குப் பெரிய கவலை, பையன் எப்படி வேலையை விட்டு வெளியே வருகிறார் என்பதுதான். கடனைப் பேரம் பேசலாம், தவணையில் கட்டலாம். ஆனால் லோடு ஏற்றிய டிரக்கை ஏதோ ஒரு டிரக் ஸ்டாப்பில் நிறுத்திவிட்டுப் பஸ் ஏறினார் என்றால், 'வண்டியைக் கைவிட்டார்' என்று டிஏசி அறிக்கையில் ஏறிவிடும். டிரைவர்களின் வேலை வரலாற்றைத் தொகுத்துக் கம்பெனிகளுக்குக் கொடுக்கும் அறிக்கை அது. அந்த ஒரு வரி இருந்தால் அடுத்த கம்பெனி போனைக்கூட எடுக்காது.

அதனால் கையிலிருக்கும் லோடை முடித்துவிட்டு, கம்பெனியின் டெர்மினலுக்கே வண்டியைக் கொண்டுபோகச் சொல்லுங்கள். விலகும் தேதியை ஈமெயிலில் முன்கூட்டியே எழுத வேண்டும், லோடு ஒதுக்கும் டிஸ்பாட்ச்சரிடம் போனில் சொன்னது மட்டும் போதாது. டெர்மினலில் ஓடோமீட்டர், எரிபொருள் அளவு, கேபின் உள்பக்கம், வண்டியின் நாலு மூலை, எல்லாவற்றையும் தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுக்க வேண்டும். சாவியை வாங்கியவர் பெயரைக் குறித்துக்கொண்டு, 'பெற்றுக்கொண்டேன்' என்று ஒரு வரி எழுதி வாங்க வேண்டும். கம்பெனி டேப்லெட்டைத் திருப்பிக் கொடுக்கும் முன் அதிலுள்ள மெசேஜ்களையும் ஓட்டிய நேரத்தைக் காட்டும் லாக் பதிவுகளையும் நகல் எடுத்து வைத்துக்கொள்ளட்டும். இரண்டு மாதம் கழித்து டிஏசி அறிக்கையின் பிரதியைக் கேட்டு வாங்கிப் பார்க்கட்டும். தவறு இருந்தால் மறுப்புச் சொல்ல நியாயமான கடன் அறிக்கைச் சட்டம் உரிமை தருகிறது. போட்டோ கையில் இருந்தால் அந்த மறுப்புக்கு வலு இருக்கும்.

விலகுவதற்கு முன்னாலேயே வேறு கம்பெனியில் பேசுவது நல்லது. பயிற்சிக் கடனை மாதாமாதம் கட்டிக்கொடுக்கும் கம்பெனிகள் இருக்கின்றன. 'பார்த்துக்கறோம்' என்ற வாய்ச்சொல்லை நம்பாமல் எழுத்தில் வாங்க வேண்டும். அதற்குப் பதிலாக இன்னொரு வருடக் கட்டுப்பாடு வருகிறதா என்றும் பார்க்கட்டும். வசூல் ஏஜென்சி கடிதம் வந்துவிட்டால் 30 நாளுக்குள் எழுத்தில் மறுத்துக் கணக்கு விவரம் கேட்க வேண்டும். போனில் எதற்கும் தலையாட்ட வேண்டாம்.

ஏன் விடுகிறார் என்று நீங்கள் எழுதவில்லை. மனசு விட்டுக் கேளுங்கள். தனிமையும் சலிப்பும்தான் காரணம் என்றால், மீதி மாதங்களைத் தள்ளிவிடச் சொல்வேன். ஒரு வருட அனுபவம் இருந்தால் வீட்டுக்குத் தினமும் திரும்புகிற உள்ளூர் ஓட்டம் கிடைக்கும் வாய்ப்பு கூடும். ஆனால் ஒரு நாளைக்கு அனுமதித்த 11 மணி நேரத்துக்கு மேல் ஓட்டச் சொல்கிறார்கள், பிரேக் சரியில்லாத வண்டியைக் கிளப்பச் சொல்கிறார்கள் என்றால் ஒரு நாள்கூட அதற்கு உடன்பட வேண்டாம். உடன்பட மறுத்ததையும் ராஜினாமாவுக்கு முன்பே எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். மறுத்ததற்காகப் பழிவாங்கினால் 180 நாளுக்குள் ஓஷா என்ற கூட்டாட்சி அமைப்பிடம் புகார் கொடுக்கலாம். உயிருக்கு முன்னால் சில ஆயிரம் டாலர் கடன் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை அம்மா.

அப்புறம், அங்கேயே இருக்கும் இளைய மகனும் இதே வழியில் போகப் பார்க்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். 2022 பிப்ரவரி 7 முதல், புதிதாக சிடிஎல் எடுப்பவர்கள் அரசுப் பதிவேட்டில் உள்ள பயிற்சியாளரிடம் படித்த பிறகே ஓட்டுநர் தேர்வுக்குப் போக முடியும். அதனால் பயிற்சிச் செலவு பெரும்பாலும் தவிர்க்க முடியாதது. ஆனால் கம்பெனிதான் கொடுக்க வேண்டும் என்பதில்லை. தகுதியுள்ளவர்களுக்கு அரசுத் தொழிலாளர் பயிற்சி நிதியில் சிடிஎல் படிப்புக்கு உதவி கிடைக்கிறது. அவர் இருக்கும் ஊரின் அமெரிக்கன் ஜாப் சென்டரில் கேட்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.