என் மாமா போரிலேயே கலந்துகொள்ளாத கர்னல். அவர் மார்பில் 12 பதக்கங்கள் எப்படி வந்தன?

"போரிலேயே கலந்துகொள்ளாத" என்று நீங்கள் எழுதியிருப்பதைப் படித்த பிறகு பதில் எழுதாமல் கடந்து போக முடியவில்லை. நானும் காலாட்படையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். என்னிடமும் பதக்கங்களுக்குப் பஞ்சமில்லை. அவற்றில் ஒன்றுகூட வீரதீரச் செயலுக்காகக் கிடைத்ததில்லை. பின்னூட்டத்தில் யாரும் துப்பறிந்து சொல்லும் சிரமம் வேண்டாம் என்பதற்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் மாமா 1990-களின் தொடக்கத்தில் பணியில் சேர்ந்தவர் என்று வைத்துக்கொள்கிறேன். 1997 ஆகஸ்ட் 15 அன்று பணியில் இருந்த அனைவருக்கும் விடுதலைப் பொன்விழாப் பதக்கம் கிடைத்தது. ஒன்பது ஆண்டுப் பணிக்கு ஒன்று, இருபது ஆண்டுக்கு இன்னொன்று, முப்பதைத் தொட்டிருந்தால் அதற்கும் ஒன்று. கார்கில் போரின்போது அந்தச் சிகரங்களில் நேரடியாகப் போரிட்டவர்களுக்கு ஆபரேஷன் விஜய் ஸ்டார் வழங்கப்பட்டது. அந்தப் போருக்காக மற்ற இடங்களில் திரட்டி நிறுத்தப்பட்டவர்களுக்கு ஆபரேஷன் விஜய் பதக்கம். 2001 டிசம்பரில் நாடாளுமன்றத்தின் மீது தாக்குதல் நடந்த பிறகு எல்லைக்கு நகர்த்தப்பட்ட படைகளுக்கு ஆபரேஷன் பராக்ரம் பதக்கம். காஷ்மீர்ப் பணிக்கும், உயர்ந்த மலைப்பகுதியில் பணியாற்றியதற்கும் தனித்தனிப் பதக்கங்கள் உண்டு. ஐ.நா. அமைதிப்படையில் ஒரு முறை சென்று திரும்பினால் ஐ.நா. ஒன்று தரும், அதே பணிக்கு இந்திய அரசும் விதேஷ் சேவா பதக்கம் தரும். கூட்டிப் பாருங்கள், 12 என்பது ஒரு கர்னலுக்கு அதிகமே இல்லை.

இதையெல்லாம் ஒரு குடியரசு நாளன்று எங்கள் ஊர்ப் பள்ளியில் கொடியேற்றிய பிறகு, என் கோட்டில் தொங்கிய பதக்கங்களைப் பார்த்து விசாரித்த பெரியவர் ஒருவருக்குப் பொறுமையாக விளக்கினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்போ இதெல்லாம் லீவு போடாம பள்ளிக்கூடம் வந்த பிள்ளைக்குக் குடுக்கிற பரிசு மாதிரின்னு சொல்லுங்க தம்பி" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் தவறாக எதுவும் சொல்லிவிடவில்லை. அவற்றில் பெரும்பாலானவை, இந்த இடத்தில் இந்தக் காலத்தில் இவர் இருந்தார் என்பதற்கான சான்றுகள்தாம்.

ஆனால் எந்த இடம் என்பதையும் பார்க்க வேண்டும் அல்லவா? அன்று நான் அணிந்திருந்தவற்றில் ஒன்று சியாச்சின் பதக்கம். 1984 ஏப்ரல் 13 அன்று, சியாச்சினைக் கைப்பற்ற நம் படை ஆபரேஷன் மேக்தூத் என்ற நடவடிக்கையைத் தொடங்கிய நாளிலிருந்து அந்தப் பனியாற்றில் எதிரியின் குண்டுகளைவிடக் குளிரும் பனிச்சரிவும்தான் அதிக உயிர்களைக் கொண்டு போயிருக்கின்றன. இரவும் பகலும் மண்ணெண்ணெய் அடுப்பை எரியவிட்டு அதன் அருகிலேயே முடங்கிக் கிடப்பதால், கீழே இறங்கி வந்த பிறகும் பல நாட்களுக்குக் காறித் துப்பினால் சளி கறுப்பாகவே வரும். என்னோடு மேலே இருந்த ஹவில்தார் ஒருவருக்கு ஃப்ராஸ்ட்பைட் கண்டு இரண்டு கால்விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. அவர் அணிவதும் நான் அணிவதும் ஒரே பதக்கம். வட்டத்திலோ ரிப்பனிலோ எந்த வேறுபாடும் கிடையாது. சிப்பாய்க்கும் ஜெனரலுக்கும் ஒன்றையே தருகிற இந்த வகைப் பதக்கங்களின் மீது எனக்கு மதிப்பு இருப்பதற்கு அதுவே காரணம்.

வீரத்துக்கு உரியவை வேறு. எதிரியின் முன்னால் காட்டிய வீரத்துக்குப் பரம்வீர் சக்ரா, மகாவீர் சக்ரா, வீர் சக்ரா. அதற்கு வெளியே காட்டிய வீரத்துக்கு அசோக் சக்ரா, கீர்த்தி சக்ரா, சௌர்ய சக்ரா. 2014-இல் ஷோபியானில் உயிர்நீத்த மேஜர் முகுந்த் வரதராஜனுக்கு அளிக்கப்பட்டது அசோக் சக்ரா. கார்கிலில் பட்டாலிக் பகுதியில் வீழ்ந்த திருச்சி மேஜர் சரவணனுக்கு வீர் சக்ரா. இதுவரை பரம்வீர் சக்ரா பெற்ற 21 பேரில் 14 பேருக்கு அது மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. அவர்களில் ஒருவர், பாகிஸ்தானுடனான 1971 போரின் பசந்தர் சண்டையில் இறந்த இரண்டாம் லெப்டினன்ட் அருண் கேத்தர்பால். அவர் 1971 ஜூனில்தான் பணியில் சேர்ந்தார், டிசம்பர் 16-இல் உயிர் விட்டார். ஒன்பதாண்டுப் பதக்கம்கூட அவருக்கு எட்டாத ஒன்று. ஆகவே எண்ணிக்கையை வைத்து யாரையும் உயர்த்தவும் வேண்டாம், உங்கள் மாமாவைத் தாழ்த்தவும் வேண்டாம்.

எனக்கு மனக்குறை இருப்பது வேறோர் இடத்தில். பதக்கங்களை அணிவதற்கு ஒரு முன்னுரிமை வரிசை உண்டு. மார்பின் நடுப்பக்கம் இருப்பது உயர்ந்தது. அந்த வரிசையில், பெரும்பாலும் மூத்த தளபதிகளுக்கே கிடைக்கும் பரம விசிஷ்ட சேவா பதக்கம் மகாவீர் சக்ராவுக்கு முன்னால் வருகிறது; அதி விசிஷ்ட சேவா பதக்கம் வீர் சக்ராவுக்கு முன்னால் வருகிறது. 1965 பாகிஸ்தான் போரில் காஷ்மீரின் ஹாஜி பீர் கணவாயைப் பிடித்த படையணிக்குத் தலைமை தாங்கிய ஜோராவர் சந்த் பக்‌ஷி மகாவீர் சக்ராவும் வீர் சக்ராவும் பெற்றவர். அவருடைய பெயருக்குப் பின்னும் முதலில் நிற்பது பரம விசிஷ்ட சேவா பதக்கம்தான். சேவைப் பதக்கம் பெற்ற தளபதிகள் மீது பொறாமை என்று யாரும் எழுத வேண்டாம். படையை நடத்துவதும் பெரும் பணியே. ஆயினும் தோட்டாவுக்கு முன்னால் நின்றதற்குக் கிடைத்தது, அலுவலகத்தைச் சிறப்பாக நடத்தியதற்குக் கிடைத்ததற்குப் பின்னால் நிற்பதை என்னால் ஏற்க முடியவில்லை. தரைப்படையினருக்கான சேனா பதக்கத்தின் நிலைமை இன்னும் குழப்பம்: வீரத்துக்கும் அதுதான், சிறப்புப் பணிக்கும் அதுதான், நடுவில் வெள்ளைக் கோடு போட்ட அதே சிவப்பு ரிப்பன்தான். மாதாந்திரப் படி மட்டும் வீரத்துக்குப் பெற்றவர்களுக்கு உரியது.

உங்கள் மாமாவின் ரிப்பன்களில் பொன்மஞ்சள் நிறத்தில் நீலக் கோடுகள் தென்பட்டால் கோடுகளை எண்ணுங்கள்: ஒன்று என்றால் பரம விசிஷ்டம், இரண்டு என்றால் அதி விசிஷ்டம், மூன்று என்றால் விசிஷ்ட சேவா பதக்கம். கோடு கூடக் கூட மதிப்பு குறையும். பதக்கங்களையே கையில் எடுத்துப் பார்க்க வாய்த்தால் விளிம்பைக் கவனியுங்கள். அரசு வழங்கியதில் எண்ணும் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கும். வெறுமையாக இருந்தால், அது கண்டோன்மென்ட் பக்கத்துக் கடையில் அவர் தம் பணத்தில் வாங்கியது. அதைக் கொண்டு ஐயம் கொள்ள வேண்டாம். இன்னார் பதக்கத்துக்கு உரியவர் என்று அறிவிக்கும் ஆணையில் பெயர் வந்துவிட்டாலும் பதக்கம் கைக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால் அணிவகுப்புக்காக நாங்கள் எல்லோரும் அப்படித்தான் வாங்கினோம், எனக்கு வர வேண்டியவற்றில் இரண்டு இன்னும் வந்து சேரவில்லை.