வெளியே ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை, ஆனாலும் காரில் எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் குறைந்துகொண்டே வருகிறது. ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டுக்கும் சிலிண்டர்கள் உள்ள கீழ்ப்பகுதிக்கும் இடையே உள்ள அடைப்புத் தகடு) போய்விட்டது என்று பொருளா?

கேள்வியில் உள்ள விவரங்கள் இவைதான்: பத்து வருடம் ஓடிய பெட்ரோல் கார், இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை அரை லிட்டர் அளவுக்குக் கூலன்ட் ஊற்ற வேண்டியிருக்கிறது, நிறுத்தும் இடத்தில் தரை காய்ந்தே இருக்கிறது, வெப்பம் காட்டும் முள் எப்போதும் நடுவில் நிற்கிறது, காரைப் பார்த்த மெக்கானிக், "வெளியே ஒழுகவில்லை என்றால் உள்ளேதான் போகிறது, ஹெட்டைக் கழற்றிப் பார்த்துவிடலாம்" என்கிறார்.

இப்போதைக்குக் கழற்ற வேண்டாம் என்பதே என் பதில். அவர் சொல்வது தவறு என்று நான் சொல்லவில்லை. அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் தரையில் ஈரம் இல்லை என்பதும் வெளியே ஒழுகவில்லை என்பதும் ஒன்றல்ல. கசிவின் மூலத்தைச் சரியாகத் தேடாமல், ரேடியேட்டரில் கண்ட கறையை மட்டும் நம்பி, நானே ஒருமுறை நன்றாக இருந்த ரேடியேட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கி மாட்டினேன்.

கூலன்ட் என்பது ஏறத்தாழப் பாதி தண்ணீரும் பாதி எத்திலீன் கிளைக்காலும், அவற்றோடு துருவைத் தடுக்கும் சில ரசாயனங்களும் சேர்ந்த கலவை. அது மிக மெல்லிய இடுக்கு வழியாகச் சூடான எஞ்சினின் மேல் கசியும்போது, அதிலுள்ள தண்ணீர் தரையைத் தொடுவதற்கு முன்பே ஆவியாகிவிடும். தப்பித் தவறிக் கீழே இறங்குகிற சொட்டையும் எஞ்சினுக்கு அடியில் உள்ள பிளாஸ்டிக் தட்டு வாங்கிக்கொள்ளும். ஆனால் கசிந்த இடத்தில் ரசாயனங்கள் காய்ந்து, கூலன்டின் நிறத்துக்கு ஏற்ப வெளிர் பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ வெறும் வெள்ளையாகவோ உப்புப் பூத்ததுபோல் படிந்து நிற்கும். ஆகவே தேட வேண்டியது ஈரத்தை அல்ல, கறையை. ஹோஸ்கள் கிளாம்பில் முடியும் இடம், ரேடியேட்டரின் அலுமினிய உடலோடு பிளாஸ்டிக் தொட்டி மடித்துப் பொருத்தப்பட்டிருக்கும் விளிம்பு, தெர்மோஸ்டாட் கூட்டின் இணைப்பு, வாட்டர் பம்பின் அடிப்பகுதி ஆகிய இடங்களை டார்ச் அடித்துப் பாருங்கள். கண்ணுக்கு எட்டாத மூலைகளுக்குச் சிறு கைக்கண்ணாடி ஒன்று உதவும்.

என் காரில் கோளாறு கடைசியில் வாட்டர் பம்பில்தான் இருந்தது. பம்பின் உடலில், சுழலும் தண்டின் சீலுக்கும் பேரிங்குக்கும் இடையே, ஒரு சிறிய வடிதுளை வைத்திருப்பார்கள். சீல் தேய்ந்து கூலன்ட் கசிந்தால் அது பேரிங்குக்குள் போகாமல் அந்தத் துளை வழியாக வெளியேறிவிட வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. ரேடியேட்டரை மாற்றிய பிறகும் அளவு குறைவதைப் பார்த்துவிட்டு, ஒரு நாள் அதிகாலை, எஞ்சின் முழுதும் குளிர்ந்திருந்த நேரத்தில், கண்ணாடியைப் பம்புக்குக் கீழே நீட்டிப் பார்த்தேன். துளையின் வாயிலிருந்து கீழ்நோக்கி விரல் நீளத்துக்கு இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு காய்ந்த கோடு. அதன் நுனியில், விழவும் செய்யாமல் காயவும் செய்யாமல், ஒரே ஒரு துளி. எஞ்சினை ஓட விட்டுச் சூடேறிய பின் மறுபடி பார்த்தபோது அந்தத் துளி இல்லை. குளிரில் சீலும் ரப்பரும் சுருங்கும்போது கசிந்து, சூட்டில் விரியும்போது அடைத்துக்கொள்ளும் கசிவுகள் உண்டு. பட்டறைக்கு நாம் காரை ஓட்டிக்கொண்டே போவதால் எஞ்சின் அங்கே சூடாகத்தான் போய்ச் சேர்கிறது. அங்கே எதுவும் தென்படாமல் போவதில் வியப்பில்லை.

தேடத் தொடங்கும் முன் அளந்து வைத்துக்கொள்வது நல்லது. கூலன்ட் சூட்டில் விரிவடையும் என்பதால், காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது, ஒரே சமதளத்தில் நிறுத்தி மட்டுமே அளவைப் பார்க்க வேண்டும். கூலன்ட் ஊற்றும் தொட்டியின் மேல் ஒரு நாடாவை ஒட்டி மட்டத்தைக் குறித்து, ஓடிய கிலோமீட்டரையும் எழுதிவையுங்கள். எத்தனை கிலோமீட்டரில் எவ்வளவு இறங்கியது என்பது தெரிந்தால், நின்றிருக்கும்போது குறைகிறதா, ஓடும்போது குறைகிறதா என்பதும் தெளிவாகிவிடும். அண்மையில் கூலன்ட் மாற்றியிருந்தால் முதல் சில நாட்களில் மட்டம் சற்று இறங்குவது இயல்பு. உள்ளே சிக்கியிருந்த காற்று வெளியேறி அந்த இடத்தைக் கூலன்ட் நிரப்புகிறது, அவ்வளவுதான்.

அடுத்துப் பார்க்க வேண்டியது ரேடியேட்டர் அல்லது தொட்டியின் மூடி. பலரும் இதை வெறும் மூடி என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது ஸ்பிரிங் வைத்த வால்வு. அது எத்தனை அழுத்தம் வரை தாங்கும் என்பது பெரும்பாலும் அதன் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். ஒரு பார் அழுத்தத்தை ஒட்டிய அளவுதான் பரவலாக இருப்பது. பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் திறந்த பாத்திரத்தில் ஏறத்தாழ 107 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். ஒரு பார் கூடுதல் அழுத்தத்தில் கொதிநிலை 130 டிகிரியை நெருங்கிவிடும். மூடியின் ரப்பர் வளையம் விறைத்தோ ஸ்பிரிங் தளர்ந்தோ போனால் அந்த அழுத்தம் நிற்காது. கூலன்ட் ஓட்டத்தின்போது வழிந்தோ ஆவியாகவோ வெளியேறிவிடும், நிறுத்திய பின் எந்தத் தடயமும் இருக்காது. இத்தனை கோளாறுகளிலும் மிக மலிவானது இதுதான். ஆனால் ஒன்று: எஞ்சின் சூடாக இருக்கும்போது அந்த மூடியை எந்தக் காரணத்துக்காகவும் திறக்கக் கூடாது. அழுத்தம் திடீரென இறங்கியவுடன் உள்ளே இருப்பது கொதித்துப் பீறிட்டு முகத்திலும் கையிலும் அடிக்கும்.

இவை எதிலும் விடை கிடைக்கவில்லை என்றால் அழுத்தச் சோதனை செய்ய வேண்டும். என் கருத்தில், ஹெட்டைக் கழற்றுவதைப் பற்றிப் பேசுவதற்கு முன் கட்டாயம் செய்ய வேண்டிய சோதனை இது. கைப்பம்பும் அழுத்தமானியும் சேர்ந்த ஒரு கருவியை மூடியின் இடத்தில் பொருத்தி, எஞ்சின் ஓடாமல் ஆறியிருக்கும்போதே, மூடியில் குறித்திருக்கும் அளவுக்கு அழுத்தம் ஏற்ற வேண்டும். அதற்கு மேல் ஏற்றினால் நன்றாக இருக்கும் ஹோஸையும் கெடுத்துக்கொள்வோம். பிறகு குறைந்தது கால் மணி நேரம் காத்திருங்கள். சிலர் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு "முள் இறங்கவில்லை" என்று முடித்துவிடுகிறார்கள். மூன்று வாரத்தில் அரை லிட்டர் என்கிற மெதுவான இழப்பு இரண்டு நிமிடத்தில் தன்னைக் காட்டிக்கொடுக்காது. முள் இறங்கி, வெளியே எங்காவது ஈரமும் தென்பட்டால் தேடல் அங்கேயே முடிந்தது. முள் இறங்கியும் வெளியே எல்லாம் காய்ந்திருந்தால்தான் மெக்கானிக் சொன்னதற்கு வலு சேர்கிறது.

அப்போதும் சிலிண்டர் ஒன்றுதான் வழி என்று முடிவு கட்டிவிட முடியாது. டாஷ்போர்டுக்குப் பின்னால், சூடான கூலன்ட் ஓடி ஹீட்டருக்கு வெப்பம் தரும் ஹீட்டர் கோர் கசிந்தால் கூலன்ட் காருக்குள்தான் வரும். காலடி விரிப்புக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள். ஹீட்டரைப் போட்டால் இனிப்பு கலந்த வாடை வருகிறதா, முன்கண்ணாடியின் உட்புறத்தில் துடைத்தாலும் போகாத பிசுக்கு படிகிறதா என்றும் கவனியுங்கள். ஏசி ஓடும்போது காருக்கு அடியில் சொட்டும் வெறும் தண்ணீரைக் கூலன்ட் என்று எண்ணிப் பதற வேண்டாம். விரலில் தொட்டுத் தேய்த்தால் தண்ணீர் வழவழக்காது, கூலன்ட் வழவழக்கும். நாக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. எத்திலீன் கிளைக்கால் இனிப்பான நஞ்சு, நாயும் பூனையும் நக்கினால் உயிருக்கே ஆபத்து.

ஹெட் கேஸ்கெட்டை உறுதி செய்யவும் ஹெட்டைக் கழற்றத் தேவையில்லை. நீல நிறத் திரவம் ஊற்றிய ஒரு கண்ணாடிக் குழாயை ரேடியேட்டரின் வாயில் வைத்து, எஞ்சின் ஓடும்போது கூலன்டுக்கு மேலே சேரும் வாயுவை அதன் வழியாக இழுப்பார்கள். சிலிண்டரில் எரிந்த வாயு கசிந்து வந்திருந்தால் அதிலுள்ள கார்பன் டை ஆக்ஸைடு அந்த நீலத்தை மஞ்சளாக்கிவிடும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்தால், மற்றவை பழுப்பேறியிருக்க ஒன்று மட்டும் ஆவியில் கழுவியதுபோல் வெளுத்திருப்பதும் ஒரு சான்று. இரவு முழுதும் நின்ற கார் காலையில் கிளம்பிய ஒரு நிமிடத்துக்குள், எஞ்சின் சூடேறும் முன்பே, மேல் ஹோஸ் கல்லாக இறுகினால் அது சூட்டின் அழுத்தமல்ல, சிலிண்டரின் அழுத்தம். மாறாக, எண்ணெய் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் வெண்ணெய்போல் படிந்திருப்பதை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுத வேண்டாம். குறுந்தூரம் மட்டுமே ஓடும் கார்களில் ஈரம் குளிர்ந்து நீராகப் படிந்தும் அப்படி ஆகும். எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கிலும் அதே பால் நிறம் தெரிந்தால் காரை ஓட்டாமல் நிறுத்திவிடுங்கள். டீசல் எஞ்சின் வைத்திருப்பவர்கள், எஞ்சினுக்குத் திரும்பச் செல்லும் புகையைக் கூலன்டால் குளிர்விக்கும் ஈ.ஜி.ஆர். கூலரையும் சந்தேகப் பட்டியலில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அது உட்புறம் விரிசல் விட்டால் கூலன்ட் புகையோடு போய்விடும்.

வெப்பம் காட்டும் முள் நடுவில் நிற்பதை வைத்து நிம்மதி அடைய வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பல கார்களில் வெப்பநிலை பல டிகிரி ஏறி இறங்கினாலும் முள் அசையாதபடிதான் அமைத்திருக்கிறார்கள். அதோடு, கூலன்ட் மிகவும் குறைந்து சென்சார் காற்றில் நின்றுவிட்டால், எஞ்சின் கொதித்துக்கொண்டிருக்கும்போதே முள் கீழே இறங்கலாம். ஹீட்டரிலிருந்து திடீரெனக் குளிர்ந்த காற்று வந்தால் அதை முள்ளைவிட நம்பலாம். ஓட்டையை அடைப்பதாகச் சொல்லி விற்கும் பொடியையும் திரவத்தையும் நான் ஊற்ற மாட்டேன். அவை ஓட்டையோடு ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய்களையும் சேர்த்தே அடைக்கக்கூடியவை. தேடி முடிக்கும்வரை ஊற்றும்போதும் வெறும் தண்ணீரை ஊற்றாமல், ஏற்கெனவே இருக்கும் அதே வகைக் கூலன்டைக் கலந்து ஊற்றுங்கள்.

எல்லாச் சோதனைகளிலும் தப்பித்துவிடும் கசிவுகளும் உண்டு. அவற்றுக்குக் கூலன்டில் கலக்கும் ஒளிரும் சாயம் இருக்கிறது. பழைய கறைகளை எல்லாம் துடைத்துவிட்டு, சாயத்தை ஊற்றி, ஒரு வாரம் வழக்கம்போல் ஓட்டிவிட்டு, இருட்டில் புற ஊதா விளக்கைப் பிடித்துப் பாருங்கள். கசிவின் தடம் பளிச்சென்று பச்சை மஞ்சளாகத் தெரியும். அந்தத் தடத்தைக் கீழிருந்து மேலாகத் தொடர வேண்டும். நான் ரேடியேட்டரில் கண்டது கசிவு அல்ல. பம்பிலிருந்து சிந்தியதை விசிறிக் காற்று அங்கே கொண்டுபோய்த் தெளித்திருந்தது.