மூட்டை 1,400 என்றால் கையில் எவ்வளவு நிற்கும்?

கேள்வி: கோத்தகிரிப் பக்கம் அரை ஏக்கரில் உருளைக்கிழங்கு போட்டிருக்கிறேன். 60 மூட்டை தேறும். உள்ளூர் வியாபாரி தோட்டத்திலேயே கிலோ 24 ரூபாய்க்குக் கேட்கிறார். மேட்டுப்பாளையம் மண்டியில் மூட்டை 1,400 போகிறதாம். எங்கே கொடுப்பது?

பதில்: அந்த 1,400 முதல் ரகத்தின் விலை. உங்கள் 60 மூட்டையும் முதல் ரகமாக இருக்காது. 40 பெரிய கிழங்கு, 20 பொடி என்று வையுங்கள். பொடி 900க்குப் போனால் மொத்தம் 74,000. கமிஷன் நூற்றுக்கு எட்டு என்றால் 5,920 போச்சு. சாக்கு, லாரி வாடகை, ஏற்று இறக்குக் கூலி எல்லாம் சேர்த்து மூட்டைக்கு 120 என்றாலும் 7,200. கையில் நிற்பது 60,880.

வியாபாரி பொடியையும் சேர்த்து அதே 24க்கு எடுத்தால், 45 கிலோ மூட்டைக்கு 1,080, மொத்தம் 64,800. அவரே மேல் என்று தோன்றும். பொறுங்கள், தராசு யாருடையது? சாக்கு எடை, மண், கழிவு என்று மூட்டைக்கு 48 கிலோ பிடித்துக்கொண்டு 45 கிலோவுக்கே காசு கொடுத்தால் உங்கள் 2,700 கிலோ 56 மூட்டைச் சொச்சமாகிவிடும், கிடைப்பது 60,750. மண்டிக்குப் போனதற்கும் கீழே! என் அனுபவத்தில் விலையில் ஏமாந்தவர்களைவிட எடையில் ஏமாந்தவர்களே அதிகம். (இவை கணக்குக்காகச் சொன்ன எண்கள், உங்கள் ஊர்க் கூலியைப் போட்டுப் பாருங்கள்.)

மண்டிக்குத்தான் என்றால் முதல் நாள் மாலையே இரண்டு கடைக்குப் போன் போடுங்கள். குஜராத், கோலார் லோடு வந்து நின்றால் விலை இறங்கும். நம் மலைக் கிழங்குக்குத் தனி கிராக்கி உண்டுதான், ஆனால் தோல் உரிந்த கிழங்குக்கு அது கிடைக்காது. தோண்டுவதற்குப் பத்து நாள் முன்பே தழையை அறுத்துவிட்டால் தோல் கெட்டிப்படும். கூட்டுறவு ஏலத்திலும் ஒருமுறை விட்டுப் பாருங்கள்.

உழவர் சந்தையில் கமிஷன் கிடையாது. அடையாள அட்டை போதும். ஆனால் 60 மூட்டையை அங்கே உட்கார்ந்து விற்றுத் தீராது. பொடியில் நாலைந்து மூட்டைக்குச் சரி.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை: விதைக்கு மண்டியில் முன்பணம் வாங்கியிருக்கிறீர்களா? வாங்கியிருந்தால் இந்தப் போகத்துக்கு இந்தக் கணக்கெல்லாம் வீண். சரக்கு அந்தக் கடைக்குத்தான் போயாக வேண்டும். அடுத்த விதைப்புக்கு முன்பே தொடக்க வேளாண் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடனுக்கு எழுதிக் கொடுங்கள்.