அடித்த கை ஓட்டுக் கேட்டு வந்தால்?

கேள்வி: அக்கா, கொடைக்கானல் மேல்மலையில் மலைப்பூண்டு போடும் குடும்பம் எங்களுடையது. அடுத்த ஊராட்சித் தேர்தலில் தலைவர் பதவிக்கு நிற்கப் போகிறவர் எனக்குச் சித்தப்பா முறை. 2020 ஊரடங்கில் மூட்டைகள் வீட்டிலேயே முடங்கிக் கிடந்தபோது அவர்தான் அலைந்து வண்டி பிடித்து வடுகபட்டிச் சந்தைக்கு இறக்கிக் கொடுத்தார். ஆனால் ஒரு காலத்தில் குடித்துவிட்டுச் சித்தியை அடிப்பார். பக்கத்து வீடு என்பதால் நானே பார்த்திருக்கிறேன். ஒரு ராத்திரி உதடு கிழிந்து எங்கள் வீட்டில் வந்து படுத்தார் சித்தி. ஊர்ப் பெரியவர்கள் பேசி முடித்தார்கள். மகளை அழைத்துக்கொண்டு சித்தி தாய் வீட்டுக்கே போய்விட்டார். போலீஸ் வரை போகவில்லை. இப்போது சித்தப்பா குடியை விட்டுவிட்டார். "அது வீட்டு விஷயம், பழசைக் கிளறாதே" என்கிறார் என் கணவர். அவருக்கு ஓட்டுப் போட எனக்கு மனசு ஒப்பவில்லை. இது நன்றி கெட்டதனமா?

பதில்: அன்புச் சகோதரி,

இல்லவே இல்லை. வண்டி பிடித்துத் தந்த நன்றியை அவர் வீட்டு நல்லது கெட்டதில் முன்னால் நின்று தீர்த்துக்கொள்ளுங்கள். ஓட்டு என்ன, திருப்பி எழுத வேண்டிய மொய்யா?

வீட்டு விஷயம் என்று ஒதுக்க வேண்டியவையும் இருக்கின்றன. ஒருவர் யாரைக் காதலித்தார், இருபது வயதில் எங்கே சீட்டாடினார் என்பதெல்லாம் ஊருக்கு வேண்டாத பேச்சு. இதில் ஒரு வேடிக்கை. உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016-ல் சட்டம் வந்தது. பெண் நின்றால் அவள் யாரோடு சிரித்துப் பேசினாள் என்றுகூடத் தோண்டுகிறவர்கள், ஆண் நின்றதும் "வீட்டு விஷயம்" என்று கதவைச் சாத்திவிடுகிறார்கள்.

அடித்தது அந்தக் கணக்கில் வராது. எதிர்த்துக் கை ஓங்க முடியாத, ராத்திரியில் போக்கிடம் இல்லாத ஒருத்தியிடம் அவர் அப்படி நடந்துகொண்டார். தலைவர் ஆனால் அப்படிப்பட்டவர்கள்தான் தினமும் அவர் வாசலில் வந்து நிற்பார்கள். குழாய் இணைப்புக்கு, நூறு நாள் வேலைக்கு, வீட்டு வரி ரசீதுக்கு. மேல்மலையில் ஒரு பெண்ணைப் புருஷன் அடித்தால் அந்த நேரத்தில் கொடைக்கானல் போக பஸ் ஏது? தலைவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவாள். உங்கள் சித்தப்பா அவளுக்கு என்ன சொல்லி அனுப்புவார்?

வேட்பு மனுவைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்றும் இருந்துவிடாதீர்கள். சட்டமன்ற, நாடாளுமன்ற வேட்பாளர்களின் குற்றப் பின்னணியை அறிய வாக்காளருக்கு உரிமை உண்டு என்று 2002-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது பெரிய விஷயம்தான். உள்ளாட்சித் தேர்தலிலும் உறுதிமொழி ஆவணம் வாங்குகிறார்கள். ஆனால் வழக்கு என்று வந்தால் அந்தக் காகிதத்துக்குக் குற்ற வழக்கு மட்டும்தான் தெரியும். மனைவி ஜீவனாம்சம் கேட்டுப் போட்ட மனுவோ, 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தில் வாங்கிய பாதுகாப்பு உத்தரவோ அதில் தலைகாட்டாது. திண்ணையில் பேசி முடித்ததற்குக் கேட்கவே வேண்டாம். "வழக்கு ஏதும் இல்லை" என்று அவர் எழுதினால் அது பொய்யும் ஆகாது. அந்த ராத்திரிக்கு இருக்கிற ஒரே பதிவு நீங்கள்தான்.

மனுஷன் திருந்தக் கூடாதா என்பார் உங்கள் கணவர். திருந்தலாம், குடியை விடுவது லேசான காரியமும் இல்லை. ஆனால் அதில் சித்திக்கு என்ன கிடைத்தது? மகள் படிப்புக்குப் பணம் அனுப்பினாரா? செய்தது தப்பு என்று சித்தியிடமோ, அன்று பேசி முடித்த பெரியவர்களிடமோ ஒருமுறையாவது சொன்னாரா? உங்கள் கடிதத்தில் இது இல்லை. எனக்கு இதுதான் முக்கியம். சித்தியிடமே பேசிப் பாருங்கள். ஒன்று மட்டும்: அவர் சம்மதம் இல்லாமல் இந்தக் கதையை எதிரணிக்காரர்கள் கையில் கொடுத்துவிடாதீர்கள். அடியும் வாங்கி, தெருமுனைப் பிரச்சாரத்தில் பேச்சும் வாங்க வேண்டுமா அவர்?

சித்தப்பா ஓட்டுக் கேட்டு வரும்போது நீங்களே கேளுங்கள்: "தங்கச்சி படிப்புக்கு என்ன சித்தப்பா செய்றீங்க?" நின்று பதில் சொன்னால், பதில் அரைகுறையாக இருந்தாலும், யோசிக்கலாம். "இதெல்லாம் உனக்கெதுக்கு" என்று சீறினால் அப்புறம் யோசிக்க ஒன்றுமில்லை. நானாக இருந்தால் போட மாட்டேன்.

கணவரோடு இதற்காக மல்லுக்கட்ட வேண்டாம். தலைவருக்கான இளஞ்சிவப்புச் சீட்டில் முத்திரை குத்துவது மறைப்புக்குப் பின்னால்தான். யாருக்குக் குத்தினீர்கள் என்று வீட்டில் கணக்குக் காட்ட வேண்டியதில்லை.