வாசகர் கேள்வி – பதில்: மலை இன்னும் சரியவில்லையே என்பவர்களுக்கு

கேள்வி: பண்டாரவளைப் பக்கத் தோட்டமொன்றில் இருந்தோம். லயத்துக்குப் பின்னாலுள்ள மேடு வெடித்து, எங்கள் காம்பராச் சுவரும் விரல் நுழையும் அளவுக்குப் பிளந்ததால், பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு அட்டனில் உள்ள அக்கா வீட்டுக்கு வந்துவிட்டேன். கணவர் வேலைக்காக அங்கேயே இருக்கிறார். "மலை இன்னும் சரியவில்லையே, ஏன் ஓடினாய்?" என்கிறார் மாமியார். மூத்தவன் ஒவ்வொரு இரவும் போனில் அப்பாவிடம் சுவர் எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் தூங்குகிறான். ஜப்பானில் அணு உலை விபத்துக்குப் பின் இப்படிப் பிள்ளைகளுடன் தனியே போன தாய்மாருக்கும் என்னைப் போலக் குற்ற உணர்வு இருந்ததா?
– ஒரு தாய், அட்டன்

பதில்: அன்புச் சகோதரிக்கு, இருந்தது. 2011 மார்ச் 11 அன்று நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் புகுஷிமா அணுமின் நிலையத்தின் குளிரூட்டும் ஏற்பாட்டை முடக்க, மூன்று உலைகளில் எரிபொருள் உருகியது. 20 கிலோமீற்றருக்குள் இருந்தவர்களை அரசே வெளியேற்றியது. நீங்கள் கேட்கும் தாய்மாரில் பலரோ அந்த எல்லைக்கு அப்பால், புகுஷிமா நகரிலும் கோரியாமாவிலும் வாழ்ந்தவர்கள். போகும்படி அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. கணவன்மார் வேலைக்காகத் தங்கிவிட, பிள்ளைகளுடன் தாங்களே புறப்பட்டார்கள். தாயும் பிள்ளையும் மட்டும் இடம்பெயர்வதற்கு அங்கே "போஷி ஹினான்" என்று தனிப்பெயரே உண்டு.

உங்கள் சுவரின் வெடிப்பை விரல் வைத்துக் காட்டலாம்; கதிர்வீச்சுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. துவைத்த துணியை வீட்டுக்குள்ளேயே உலர்த்தி, பிள்ளையை மண்ணில் விளையாட விடாமல் தடுத்த தாயைப் பயந்தவள் என்று சொல்வது அதனால் எளிதாயிற்று. பள்ளி மைதானங்களில் ஆண்டுக்கு 20 மில்லிசீவேட் (உடல் ஏற்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) வரை ஏற்கலாம் என்று 2011 ஏப்ரலில் அறிவித்த அரசு, பெற்றோர் திரண்டு எதிர்த்ததும் மறுமாதமே ஒரு மில்லிசீவேட்டை நோக்கிக் குறைப்பதாகச் சொன்னது. அரசே இப்படி மாற்றிப் பேசிய இடத்தில், போவதா இருப்பதா என்ற முடிவு ஒரு தாயின் தலையில் விழுந்தது. போனவள் ஊரைக் கைவிட்டதாக மருகினாள். இருந்தவள் பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்று மருகினாள். இரண்டுமே அவர்கள் செய்த குற்றமல்ல. ஆயினும் "தாமாகப் போனவர்கள்" என்ற பெயர் நிலைத்து, 2017 மார்ச்சில் அவர்களுக்கான இலவச வீட்டு உதவியும் நிறுத்தப்பட்டது.

உங்கள் மாமியாரும் அந்த மண்ணிலேயே உழைத்தவர். அவர் கேள்வியில் கோபத்தைவிடப் பிரிவின் வலியே அதிகம் என்று நினைக்கிறேன். மண்சரிவில் லயங்களோடு மக்கள் புதையுண்ட கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தை அவருக்கு நினைவூட்டுங்கள். 2014 அக்டோபர் 29 காலை வரை அந்த மலையும் சரியாமல்தான் இருந்தது.

மகனிடம் எதையும் மறைக்காதீர்கள். சுவரைப் பார்த்துக்கொள்வது பெரியவர்களின் வேலை, அவனுடையதல்ல என்று மட்டும் சொல்லுங்கள். வெடிப்பின் இரு முனைகளிலும் திகதியிட்டுக் கோடு போடும்படி கணவரிடம் கூறுங்கள். மண்சரிவு அபாயத்தை ஆராயும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வந்து பார்க்க வேண்டுமென்று கிராம அலுவலர் வழியாக எழுத்தில் கேட்டு, பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். மழை பிடித்தால் அதற்கும் காத்திராமல், அன்றிரவே கணவரை வேறிடத்தில் படுக்கச் சொல்லுங்கள்.