ஏலத்தில் விரலைத் தூக்குகிறவள்

கேள்வி: என் சிறுகதையில் பிறவியிலேயே பேச்சு வராத மீன்காரம்மா ஒருத்தி வருகிறாள். துறைமுகத்தில் மீனை ஏலம் எடுத்துத் தெருவில் விற்பவள். ‘சுனாமி அடித்த நம் கரைக்கு இவள் குறியீடு’ என்கிறாள் தோழி. நான் அப்படி நினைத்து எழுதவில்லை. கடைசியில் அவள் ‘அம்மா’ என்று ஒரு சொல் சொல்கிறாள். சரிதானா? கதையையும் அனுப்பியிருக்கிறேன்.
- வாசகி, முதுநகர், கடலூர்

பதில்: கதையைப் படித்தேன். 2004 டிசம்பர் 26ஐத் தேவனாம்பட்டினத்தில் பார்த்தவர்கள் தோழி சொல்கிற மாதிரிதான் படிப்பார்கள். படிக்கட்டும். அதற்காக ஒரு வரியும் மாற்ற வேண்டாம்.

எனக்குப் பெரிதாகப் பட்டது அவள் நிற்கிற இடம். புதுச்சேரி தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் ஏலம் பார்த்திருக்கிறேன். சத்தம் போடுகிறவர்களுக்கே மீன். உங்கள் ஆள் விரலைத் தூக்குகிறாள். ஏலம் விடுகிறவர் கண் அவள் பக்கம் திரும்பவில்லை என்றால் அன்றைக்கு வெறுங்கூடைதான். குறியீடு அங்கேயே இருக்கிறது, நீங்கள் அதை இரண்டு வரியில் தாண்டிவிட்டீர்கள். ஒரு பக்கமாவது எழுதுங்கள்.

1906இல் உங்கள் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த புதுமைப்பித்தனின் ‘சாப விமோசனம்’ படித்திருப்பீர்கள். அதில் அகலிகை இரண்டு முறை கல்லாகிறாள். முதல் முறை சாபத்தால். ராமன் கால் தூசி பட்டு எழுகிறாள். வனவாசம் முடிந்து வந்த சீதை, தான் தீயில் இறங்க நேர்ந்ததைச் சொல்கிறாள். ராமனா கேட்டான் என்று அகலிகை துடித்துப்போகிறாள். அப்புறம் மறுபடியும் கல்லாகிவிடுகிறாள். முதல் மௌனம் அவள்மேல் விழுந்த தண்டனை, இரண்டாவது அவளே சொன்ன பதில். நடுவில் சீதையிடம் அவள் கேட்ட கேள்விதான் இந்த வித்தியாசத்தைக் கொண்டுவருகிறது. பேசாத பாத்திரத்தைச் சுற்றி என்ன பேசப்படுகிறது என்பதைப் பொறுத்தே அதன் மௌனத்துக்குப் பொருள் வரும்.

இன்னொன்று. அவளுக்குக் காது கேட்குமா? பிறவியிலேயே பேச்சு வராதவர்களில் நிறையப் பேருக்குக் காது கேட்காததுதான் காரணம். பக்கத்து வீட்டுப் பெண்கள் அவளிடம் மனக்குறையைக் கொட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். பேசாதவள் என்றாலே ஊரார் பாரத்தையெல்லாம் இறக்கி வைக்கிற சுமைதாங்கியாக்கிவிடுவது நம் கதைகளில் வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் வருத்தம் உண்டு. அவளும் கோபப்படட்டும், பேரத்தில் முரண்டு பிடிக்கட்டும், பாக்கி குறைத்துக் கொடுத்தவன் கையைப் பிடித்து இழுக்கட்டும்.

அந்த ‘அம்மா’வை எடுத்துவிடுங்கள். கதை முடிய வேண்டுமே என்பதற்காக அவள் வாய் திறந்தால், அதுவரை விரலால் சொன்னதெல்லாம் பேச்சே இல்லை என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். மறுநாள் ஏலத்தில் அவள் விலை கேட்கும் இடத்தில் முடித்துப் பாருங்கள். திருத்தியதும் அனுப்புங்கள், படிக்கிறேன்.