யூ-பூட்டில் டிவைஸ் ட்ரீ: கேட்டவர்களுக்குப் பதில்கள்

கேள்வி: அண்ணா, டிவைஸ் ட்ரீ என்பது கெர்னலுக்கான சமாச்சாரம் என்றுதான் நினைத்திருந்தேன். யூ-பூட்டுக்கு அது எதற்கு?

யூ-பூட் என்பது கெர்னலை நினைவகத்தில் ஏற்றி ஓடவைக்கும் பூட்லோடர். டிவைஸ் ட்ரீ என்பது போர்டில் என்னென்ன சாதனங்கள், எங்கே இருக்கின்றன என்ற விவரப் பட்டியல். பிசியில் பிசிஐ, ஏசிபிஐ இருப்பதால் என்னென்ன சாதனங்கள் உள்ளன என்று மென்பொருளே விசாரித்துத் தெரிந்துகொள்ளும். ஆர்ம் போர்டில் அந்த வசதி பெரும்பாலும் கிடையாது. சீரியல் போர்ட் எந்த முகவரியில் இருக்கிறது, எஸ்டி கார்டுக்கு மின்சாரம் தரும் ரெகுலேட்டர் எது என்பதையெல்லாம் யாராவது எழுதிக் கொடுத்தாக வேண்டும். இந்த யோசனை 1994-இல் ஐஇஇஇ தரமாக வந்த ஓப்பன் ஃபர்ம்வேரிலிருந்து கிளைத்தது. பவர்பிசி லினக்ஸ் அதை முன்பே எடுத்துக்கொண்டது, 2011-ஐ ஒட்டி ஆர்ம் லினக்ஸும் அதற்கு மாறியது. யூ-பூட்டும் தன் டிரைவர்களுக்கு அதே விவரத்தைத்தான் படிக்கிறது.

ஒன்றை மட்டும் இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். யூ-பூட் தனக்காகப் படிக்கும் ட்ரீயும், கெர்னலுக்குக் கொடுக்கும் ட்ரீயும் இரண்டு தனித்தனி ஃபைல்களாக இருக்கலாம். கேள்விகளோடு வருபவர்களில் பலர் ஒன்றைத் திருத்திவிட்டு மற்றொன்றில் மாற்றத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

கேள்வி: என் போர்டின் டிடிஎஸ் ஃபைல் (டிவைஸ் ட்ரீயின் மூல ஃபைல்) யூ-பூட் சோர்ஸில் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஆர்ம் ஆர்க்கிடெக்சர் கோப்புறைக்குள் ஒன்று, 'அப்ஸ்ட்ரீம்' என்ற கோப்புறைக்குள் ஒன்று. எதைத் திருத்த வேண்டும்?

முதலில் உங்கள் டெஃப்கான்ஃபிகில் (போர்டுக்கான பில்டு அமைப்புகள் இருக்கும் ஃபைலில்) 'ஓஎஃப் அப்ஸ்ட்ரீம்' ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆன் என்றால் அப்ஸ்ட்ரீம் கோப்புறையில் இருப்பதுதான் கம்பைல் ஆகிறது. அதை நீங்கள் திருத்தக் கூடாது.

முன்பெல்லாம் லினக்ஸிலிருந்து டிடிஎஸ் ஃபைலைக் கையால் காப்பி செய்து யூ-பூட்டுக்குள் போடுவார்கள். லினக்ஸில் பிழை திருத்தப்படும். இங்கே பழைய காப்பி அப்படியே கிடக்கும். சில வருடத்தில் இரண்டும் ஒன்றுக்கொன்று அடையாளம் தெரியாத அளவுக்கு விலகிப் போய்விடும். 2024-இல் வந்த ஓஎஃப் அப்ஸ்ட்ரீம் இதற்குத்தான் தீர்வு. கெர்னலின் டிவைஸ் ட்ரீ ஃபைல்களை மட்டும் பிரித்தெடுத்து வைத்திருக்கும் ரெபாசிட்டரி ஒன்று உண்டு. அது அப்படியே சப்ட்ரீயாக, அதாவது ஒரு உட்கோப்புறையாக, யூ-பூட்டுக்குள் வருகிறது. அதில் நீங்கள் நேரடியாகக் கை வைத்தால் பேட்ச் ஏற்கப்படாது. ஏற்கப்பட்டாலும் அடுத்த முறை லினக்ஸோடு ஒத்திசைக்கும்போது மோதும்.

ஆகவே பேட்சை லினக்ஸுக்கு அனுப்புங்கள். அங்கே சேர்ந்ததும், அந்த ஒரு கமிட்டை மட்டும் இழுத்துக்கொள்ள யூ-பூட்டிலேயே ஸ்கிரிப்ட் இருக்கிறது. சுற்றுவழியாகத் தெரியும், பொறுமையும் வேண்டும். ஆனால் ஹார்டுவேரைப் பற்றிய உண்மை ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

கேள்வி: வணக்கம் சார். ஆர்கே3399 போர்டுக்கு ஒரே ஒரு ப்ராப்பர்டி சேர்க்க வேண்டியிருந்தது. போர்டின் பெயரில் புதிதாக '-யூ-பூட்' டிடிஎஸ்ஐ ஃபைல் (டிடிஎஸ்ஸில் சேர்க்கப்படும் துணை ஃபைல்) ஒன்று எழுதினேன், நான்கு வரிதான். இப்போது பின்மேன் (இறுதி இமேஜைத் தொகுக்கும் கருவி) நோடு, அதாவது ட்ரீயில் அதற்கான பகுதி, இல்லை என்று பில்டு நின்றுவிடுகிறது. நான் பின்மேனைத் தொடவே இல்லையே?

நீங்கள் தொடவில்லை என்பது உண்மைதான். புது ஃபைலை வைத்ததாலேயே பழையது ஒன்று வெளியே போய்விட்டது.

'-யூ-பூட்' என்று முடியும் டிடிஎஸ்ஐ ஃபைலை யாரும் இன்க்ளூட் செய்ய வேண்டியதில்லை. பில்டு தானாகவே சேர்த்துக்கொள்ளும். எதைச் சேர்ப்பது என்பதற்கு ஒரு வரிசை உண்டு: போர்டின் பெயரில் இருக்கிறதா, இல்லாவிட்டால் சிப்பின் பெயரில், அதற்குப் பிறகு சிபியு, வெண்டர், கடைசியில் பொதுவான ஃபைல். இந்த வரிசையில் முதலில் கிடைப்பது ஒன்று மட்டுமே சேரும். இதுவரை உங்கள் போர்டுக்கென்று தனி ஃபைல் இல்லாததால் ஆர்கே3399 சிப்புக்கான பொது ஃபைல் சேர்ந்துகொண்டிருந்தது. பின்மேன் விவரமும், ஆரம்பக் கட்டத்துக்கான பூட் குறிகளும் அந்த வழியாகத்தான் வந்தன. உங்கள் நான்கு வரி ஃபைல் வந்ததும் தேடல் அங்கேயே நின்றுவிட்டது.

உங்கள் ஃபைலின் முதல் வரியில் சிப்பின் ஃபைலை நீங்களே இன்க்ளூட் செய்யுங்கள். போர்டில் இருக்கும் ரேமுக்கு ஏற்ற டைமிங் ஃபைலும் அதையொட்டி வர வேண்டும். எல்பிடிடிஆர்4 போர்டில் டிடிஆர்3 டைமிங்கைப் போட்டால் ரேமே எழாது.

உங்களுக்குப் பில்டிலேயே பிழை வந்தது நல்லதாகப் போயிற்று. இமேஜின் அமைப்பு இந்த ஃபைலில் இல்லாத சிப்புகளில் பில்டு சுத்தமாக முடிந்துவிடும். போர்டில் போட்டால் கன்சோலில் ஒரு எழுத்துகூட வராது. எந்த ஃபைல் உள்ளே போயிற்று என்று சந்தேகம் வந்தால் 'டிவைஸ் ட்ரீ டீபக்' மாறிக்கு 1 கொடுத்து மேக் ஓட்டுங்கள், அதுவே சொல்லிவிடும்.

கேள்வி: பூட் குறிகள் என்றீர்களே, அவற்றையும் லினக்ஸுக்கு அனுப்பலாமா? திட்டுவார்களோ என்று பயம்.

தாராளமாக அனுப்பலாம். எஸ்பிஎல் (யூ-பூட்டின் சிறிய முதல் கட்டம்) ஓடும் நேரத்தில் டிராம் (போர்டின் முதன்மை ரேம்) தயாராகியிருக்காது, சிப்புக்குள் இருக்கும் சிறிய எஸ்ராம்தான் இடம். முழு ட்ரீ அங்கே கொள்ளாது என்பதால், குறி இல்லாத நோடுகளை வெட்டிவிட்டு மீதியை மட்டும் பில்டு எஸ்பிஎல்லுக்குக் கொடுக்கிறது. 'பூட்பிஎச்' என்று தொடங்கும் அந்தக் குறிகள் இப்போது டிவைஸ் ட்ரீ ஸ்கீமாவிலேயே (எந்தெந்த ப்ராப்பர்டி செல்லும் என்ற விதித்தொகுப்பிலேயே) இருக்கின்றன. அவற்றை லினக்ஸ் ஏற்கிறது. எம்எம்சி நோடுக்குக் குறி போட்டுவிட்டு, அதற்கு வேண்டிய கிளாக்கையும் ரெகுலேட்டரையும் மறந்துவிடாதீர்கள். பின்மேன் நோடு, ரேம் டைமிங், எஸ்பிஎல் பூட் வரிசை ஆகியவை யூ-பூட்டிலேயே இருக்கட்டும்.

கேள்வி: ஆல்வின்னர் எச்3 போர்டு. எஸ்பிஎல்லுக்கு எந்த நோடில் குறி போடுவது?

எதிலும் வேண்டாம். ஆல்வின்னரின் எஸ்பிஎல் டிவைஸ் ட்ரீயைப் படிப்பதே இல்லை. எச்3-இன் பூட் ரோம் (சிப்பிலேயே பதிந்திருக்கும் தொடக்க நிரல்) ஏற்றும் எஸ்பிஎல் 32 கேபிக்குள் அடங்க வேண்டும். ரேம் வேகம் போன்றவை கேகான்ஃபிகில் (பில்டு அமைப்புகளில்) இருக்கின்றன, டெஃப்கான்ஃபிகைப் பாருங்கள்.

கேள்வி: ராஸ்பெர்ரி பை 4. யூ-பூட்டில் டிடிஎஸ்ஸை மாற்றி மாற்றிக் கம்பைல் செய்கிறேன், ஒன்றும் ஆகவில்லை.

பையில் ஃபர்ம்வேர்தான் பூட் பார்ட்டிஷனிலிருந்து டிடிபியை (கம்பைல் ஆன டிவைஸ் ட்ரீயை) ஏற்றி, கான்ஃபிக் டெக்ஸ்ட் ஃபைலில் சொன்ன ஓவர்லேக்களை (ட்ரீயின் மேல் போடும் சிறு மாற்றங்களை) சேர்த்து, யூ-பூட்டிடம் கொடுக்கிறது. மாற்றத்தை அந்தப் பார்ட்டிஷனில் செய்யுங்கள்.

கேள்வி: பீகிள்போன் பிளாக்கில் யூ-பூட்டைப் புதுப்பித்த பிறகு டிடிபி ஃபைல் கிடைக்கவில்லை என்கிறது. கார்டில் ஃபைல் இருக்கிறதே?

பெயருக்கு முன்னால் கோப்புறை ஒட்டியிருக்கும். லினக்ஸ் 6.5-இல் 32 பிட் ஆர்ம் டிடிஎஸ் ஃபைல்கள் நிறுவன வாரியாகப் பிரிக்கப்பட்டன. உங்களுடையது இப்போது டிஐ கோப்புறைக்குள் இருக்கும் ஓமாப் கோப்புறையில் இருக்கிறது. ஓஎஃப் அப்ஸ்ட்ரீமுக்கு மாறிய போர்டுகளில் யூ-பூட்டும் அந்தப் பாதையோடுதான் பெயரைச் சொல்கிறது. கெர்னலை இன்ஸ்டால் செய்யும்போதோ 32 பிட் ஆர்மில் ஃபைல்கள் வழக்கம்போல ஒரே கோப்புறையில் போய் உட்காருகின்றன. 'எஃப்டிடிஃபைல்' மாறியைப் பிரிண்ட் செய்து, கார்டில் இருக்கும் பாதையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஐயா, எங்கள் நிறுவனமே ஒரு போர்டு தயாரிக்கிறது. சிப் நிறுவனம் கொடுத்த பழைய கெர்னலில் டிடிஎஸ் இருக்கிறது. அதை அப்படியே யூ-பூட்டுக்கு அனுப்பலாமா?

அப்படியே வேண்டாம். அந்த ஃபைலில் எந்த ஸ்கீமாவிலும் இல்லாத ப்ராப்பர்டிகள் இருக்க வாய்ப்பு அதிகம். அதைத் தகவலாக வைத்துக்கொண்டு, ஸ்கீமாட்டிக்கை (சர்க்யூட் வரைபடத்தை) பக்கத்தில் விரித்து, ஒவ்வொரு பின்னாகச் சரிபார்த்துப் புதிதாக எழுதுங்கள். டிடிபிஎஸ் செக் (ஸ்கீமாவோடு ஒப்பிடும் சோதனை) ஓட்டி எச்சரிக்கை இல்லாமல் லினக்ஸுக்கு அனுப்புங்கள். ஜிபிஎல்லோடு எம்ஐடி அல்லது பிஎஸ்டி சேர்ந்த இரட்டை உரிமம் போடுங்கள். மற்ற திட்டங்களும் பயன்படுத்த அது உதவும். பிறகு யூ-பூட்டுக்கு ஒரு டெஃப்கான்ஃபிகும் சிறிய டிடிஎஸ்ஐயும் பெரும்பாலும் போதும்.

மெயின்டெய்னர் ஃபைலில், பதில் எழுதக்கூடிய ஒருவரின் பெயர் இருக்கட்டும். யூ-பூட் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வெளியாகிறது. ஒவ்வொரு முறையும் ஆர்சி (வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பு) வரும்போது உங்கள் போர்டில் ஏற்றிப் பாருங்கள். அந்தப் போர்டு மேசையில் இருப்பவர்களால் மட்டுமே அதைச் செய்ய முடியும்.

கேள்வி: யூ-பூட்டில் எஃப்டிடி அப்ளை கட்டளை கொடுத்து ஓவர்லே சேர்த்தேன், பிழை வந்தது. மறுபடி கொடுத்தால் அடிப்படை ட்ரீயே செல்லாது என்கிறது.

ஓவர்லே பாதியில் தோற்றால் நினைவகத்தில் இருக்கும் இரண்டு ட்ரீக்களுமே செல்லாதவையாகிவிடும். இரண்டையும் மீண்டும் லோடு செய்யுங்கள். அடிப்படை டிடிபி சிம்பல்களோடு (ஓவர்லே தேடும் நோடு பெயர்களோடு) கம்பைல் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். டிடிசிக்கு (டிவைஸ் ட்ரீ கம்பைலருக்கு) '-@' கொடுக்காவிட்டால் அவை இருக்காது. அப்ளைக்கு முன்னால் எஃப்டிடி ரீசைஸ் கொடுத்து இடம் ஒதுக்கவும் மறக்காதீர்கள்.